எண்ணூர்க் கழிமுகமும் மாநகரின் பெருக்கமும்: வடசென்னையின் சூழல் சமநிலை வரலாறு (1806–2023)

ஆய்வுச் சுருக்கம்

மக்கள்தொகை பெருகப் பெருக இயற்கையின் சமநிலை குலைந்தே தீரும் என்னும் கருத்து நெடுங்காலமாக நிலவி வருகிறது. இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை நீளும் வடசென்னைக் கடற்கரையின் இருநூற்றாண்டு வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை அக்கருத்தை ஆராய்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தின் சீரழிவு அங்கு வாழ்ந்தோரின் எண்ணிக்கையால் நேர்ந்ததன்று. பிறவிடங்களில் பெருகிய மக்களுக்கும் அவர்தம் நுகர்வுக்கும் வேண்டிய நீர், மின்சாரம், எரிபொருள், சரக்கு ஆகியவற்றின் சுமை ஒரே நிலப்பகுதியில் தொடர்ந்து இறக்கப்பட்டதால் நேர்ந்தது என்பதை இது நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: எண்ணூர், கொசத்தலையாறு, கழிமுகம், நெய்தல், மக்கள்தொகை, அனல்மின் நிலையம், சூழல் சமநிலை.

முன்னுரை

உணவு பெருகும் வேகத்தைக் காட்டிலும் மக்கள் பெருகும் வேகம் மிகுதி. பஞ்சமும் நோயும் அதனைச் சரிசெய்யும் என்று தாமஸ் மால்தஸ் 1798இல் எழுதினார். 2022 நவம்பரில் உலக மக்கள்தொகை 800 கோடியைத் தொட்டதாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தபோது அவ்வினா மீண்டும் எழுந்தது. இத்தனை பேரையும் தாங்கிக்கொண்டு புவியின் சூழல் அமைப்புகள் சமநிலையில் நீடிக்குமா என்பதே அவ்வினா.

மால்தஸின் கணக்கு மனிதத் தலைகளை மட்டுமே எண்ணியது. 1971இல் பால் எர்லிக், ஜான் ஹோல்ட்ரன் ஆகியோர் முன்வைத்த சிந்தனையிலிருந்து உருவான வாய்பாடு, சூழல்மீதான தாக்கத்தை மக்கள்தொகை, ஒருவரின் நுகர்வளவு, அந்நுகர்வுக்குப் பயன்படும் தொழில்நுட்பம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலனாகக் கொண்டது. இது மால்தஸின் கணக்கைவிட முழுமையானது. ஆயினும் இதிலும் ஒன்று விடுபட்டுள்ளது. தாக்கத்தின் அளவை இவ்வாய்பாடு சொல்லும். அத்தாக்கம் எந்த நிலத்தில், யார் வாழும் இடத்தில் விழுகிறது என்பதைச் சொல்லாது. நுகர்வோர் ஓரிடத்திலும் நுகர்வின் எச்சம் வேறோரிடத்திலும் இருக்கும்போது, எண்ணிக்கையை மட்டும் நோக்குவோருக்கு உண்மை புலப்படுவதில்லை. அவ்வாறு புலப்படாத உண்மைக்கு எண்ணூர் தக்கதொரு சான்றாகும்.

நிலமும் நீரும்

சென்னைக்கு வடக்கே வங்கக் கடலில் கலக்கும் கொசத்தலையாறு, கொற்றலையாறு எனவும் வழங்கப்பெறும். அது கடலைச் சேருமிடமே எண்ணூர் முகத்துவாரம். அதற்கு வடக்கே காட்டுப்பள்ளியின் மணல்திட்டு கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடையே கிடக்கிறது. அவ்வுப்பங்கழி, பக்கிங்காம் கால்வாய் வழியாகப் பழவேற்காடு ஏரியோடு தொடர்புடையது. ஆறு, கழி, ஏரி, கடல் ஆகிய நான்கும் ஒரே நீரமைப்பின் உறுப்புகள். ஒன்றில் நேரும் மாற்றம் மற்றவற்றையும் தாக்கும்.

இந்நீரமைப்பின் சமநிலை அசையாத நிலை அன்று. நாள்தோறும் ஓதம் ஏறி உப்புநீரைக் கழிக்குள் கொணர்கிறது. வற்றும்போது கழிவையும் வண்டலையும் கடலுக்கு இழுத்துச் செல்கிறது. வடகிழக்குப் பருவமழையின்போது ஆற்றுவெள்ளம் முகத்துவாரத்து மணலை உடைத்து வழி திறக்கிறது. கோடையில் அலைகள் மீண்டும் மணலைக் குவிக்கின்றன. உப்பும் நன்னீரும் பருவந்தோறும் அளவு மாறிக் கலப்பதால்தான் இறால் குஞ்சுகளும் மடவையும் நண்டும் கழியில் வளர்கின்றன. அலையாத்திச் செடிகள் அவற்றுக்கு மறைவிடம் தருகின்றன. ஆகவே இங்குச் சமநிலை என்பது மூன்று தேவைகளைப் பொறுத்தது. ஆற்றிலிருந்து நன்னீர் வரவேண்டும், கழியில் ஆழம் இருக்கவேண்டும், முகத்துவாரம் திறந்திருக்கவேண்டும். பின்வரும் வரலாறு, இம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைந்த வரலாறே ஆகும்.

நெய்தல் வாழ்வின் ஒழுங்கு

இக்கழியை நம்பி மக்கள் பன்னெடுங்காலமாக வாழ்ந்து வந்துள்ளனர். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் முதலிய ஊர்களின் மீனவர்கள் கடலிலும் கழியிலும் தொழில் செய்வோர். இருளர்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றில் கையால் தடவி இறால் பிடிப்போர். பிடித்த இறாலைப் பறி என்னும் ஓலைக்கூடையில் இடுவர். வல்லூர், அத்திப்பட்டுப் பகுதிகளில் உப்பளத் தொழிலாளர் இருந்தனர்.

பழவேற்காட்டு நீர்ப்பரப்பில் வழங்கும் பாடு முறை இவ்விடத்தில் கருதத்தக்கது. மீன்வளமுள்ள இடங்கள் இன்னின்னவை என ஊரார் வரையறுத்து, அவற்றில் வலையிடும் உரிமையை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வதே பாடு. நல்ல இடம் ஒருவருக்கே நிலையாக உரியதாகாது. ஒருநாள் நல்ல பாடு பெற்றவர் மறுநாள் வேறிடம் செல்லவேண்டும். வலையின் வகை, எண்ணிக்கை, பங்கு பெறும் குடும்பங்கள் ஆகியனவும் ஊர்க்கட்டுப்பாட்டிற்கு உட்பட்டவை. எண்ணிக்கைப் பெருக்கத்தால் வளம் அழியாதவாறு காக்கும் ஏற்பாடு இதற்குள்ளேயே அமைந்துள்ளது.

இம்முறையை மிகையாகப் போற்றவும் வேண்டுவதில்லை. பாட்டு உரிமை குறிப்பிட்ட சமூகத்தாருக்கே உரியது. கையால் இறால் பிடிக்கும் இருளர் முதலியோர் அதற்கு வெளியே நின்றனர். ஆயினும் பொதுவளம் என்றால் மக்கள் முண்டியடித்து அழிப்பர் என்னும் கூற்றுக்கு இது மறுப்பாக அமைகிறது. கழியைப் பயன்படுத்துவோரே அதன் கேட்டையும் தாங்குவோராக இருந்ததால், அளவறிந்து பயன்படுத்தும் ஒழுங்கு உருவாயிற்று. பயனும் கேடும் ஒரே கையில் இருந்த இந்நிலை மாறத் தொடங்கியதே வடசென்னை வரலாற்றின் திருப்புமுனை எனலாம்.

கால்வாயும் பஞ்சமும்

1806இல் பேசில் காக்ரேன் என்பவரின் முயற்சியால் சென்னையிலிருந்து எண்ணூர் வரை உப்புநீர்க் கால்வாய் ஒன்று வெட்டப்பட்டது. தொடக்கத்தில் காக்ரேன் கால்வாய் என வழங்கிய அது, பின்னர்ப் பழவேற்காடு வரையிலும் அதற்கு அப்பாலும் நீண்டது. வடக்கிலிருந்து விறகும் பிற சரக்கும் படகுகளில் நகருக்கு வந்தன. எண்ணூர் முதன்முதலாக நகரின் தேவைக்கு வழியமைத்துத் தரும் இடமாயிற்று.

1876–78 ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தின்போது, சென்னையின் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி பஞ்ச நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநரான பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு இடப்பட்டது. மக்கள்தொகைக் கோட்பாடு ஆட்சிமுறையாக மாறியதை இப்பஞ்சத்தில் காணலாம். மால்தஸ் 1805 முதல் தம் இறுதிக்காலம் வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். இந்தியாவை ஆளவந்த அலுவலர்கள் பயின்ற கல்லூரி அது. பஞ்சம் என்பது மக்கட்பெருக்கத்தின் விளைவு என்னும் எண்ணம் ஆட்சியாளரிடையே வேரூன்றியிருந்தது. நிவாரணப் பணியாளருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியமும் ஓரணாவும் போதும் என ரிச்சர்டு டெம்பிள் வரையறுத்தார். அவ்வளவு உணவு உழைக்கும் உடலுக்குப் போதாது எனச் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதிட்டார். பஞ்ச காலத்திலும் தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. உணவு இல்லாமையைவிட, அதைப் பகிரும் முறையே உயிர்களைக் கொண்டது. தலைக்கணக்கு உண்மையை மறைப்பதற்கு இது இப்பகுதி தரும் முதற்சான்று.

துறைமுகமும் கரையரிப்பும்

இராயபுரம் இரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது. அதுவே தென்னிந்தியாவின் முதல் இரயில் நிலையம். சரக்குப் போக்குவரத்துப் பெருகவே, இயற்கைத் துறைமுகம் இல்லாத சென்னைக் கடற்கரையில் செயற்கைத் துறைமுகம் அமைக்கும் பணி 1875இல் தொடங்கியது. 1881ஆம் ஆண்டுப் புயல் அலைதடுப்புச் சுவர்களைச் சிதைத்தது. பின்னர் அவை மீண்டும் கட்டப்பட்டன. துறைமுகப் பொறுப்புக் கழகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் கிழக்கு வாயில் அடைக்கப்பட்டு வடகிழக்கு வாயில் திறக்கப்பட்டது.

இக்கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும். கடலுக்குள் நீண்ட சுவர்கள் அந்நகர்வைத் தடுத்தன. தடைபட்ட மணல் தெற்கே குவிந்து இன்றைய அகன்ற மெரினா உருவாயிற்று. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கு உலாவும் சாலை அமைத்தார். வடக்கே வரவேண்டிய மணல் வராமற்போனதால் இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரித்தது. குப்பங்களின் மணல்வெளியும் தெருக்களும் வீடுகளும் கடலுள் சென்றன. கருங்கற்கள் கொட்டிய கரையே இன்று அங்கு எஞ்சியுள்ளது. படகை ஏற்றி வைக்கவும் வலை உலர்த்தவும் கரைவலை இழுக்கவும் இடமற்றுப்போனது மீனவர்க்கு ஏற்பட்ட தொழில் இழப்பாகும்.

திருவொற்றியூர் என்னும் பெயருக்கு, ஊழிக்காலத்து வெள்ளத்தை இறைவன் ஒற்றச் செய்து விலக்கிய தலம் எனத் தலபுராண மரபு பொருள் கூறும். கடல் விலகியதாகப் போற்றப்படும் ஊரின் கரையிலேயே கடல் ஏறியது. நகரின் தெற்குக்கரை பெற்ற மணலும் வடக்குக்கரை இழந்த நிலமும் ஒரே கட்டுமானத்தின் இரு விளைவுகள். இம்மாற்றம் நேர்ந்த காலத்தில் சென்னையின் மக்கள்தொகை பெரிதன்று. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 3,97,552. 1901இல் ஏறத்தாழ 5,09,000. மக்கள் நெருக்கடி தோன்றும் முன்னரே கரை குலையத் தொடங்கிவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

தொழிற்சாலைகளின் வருகை

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வடசென்னை தொழில்நிலமாக மாறியது. 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறுதொழிலாகத் தொடங்கியது பின்னாளில் எம்.ஆர்.எஃப். நிறுவனமாக வளர்ந்தது. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1948இல் தோன்றிப் பின்னர் அசோக் லேலண்டு ஆயிற்று. 1955இல் என்ஃபீல்டு நிறுவனம் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் உற்பத்தியைத் தொடங்கியது. மணலியில் சென்னை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969இல் இயங்கத் தொடங்கியது. அதனைத் தொடர்ந்து 1971இல் சென்னை உரத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. எண்ணூரிலும் உரத் தொழிற்சாலை இருந்தது.

இவ்வாலைகள் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை அளித்தன. வலுவான தொழிற்சங்க மரபையும் வடசென்னையின் தனித்த பண்பாட்டையும் அவையே வளர்த்தன. பசுமைப் புரட்சிக்கு வேண்டிய உரத்தை மணலியும் எண்ணூரும் தந்தன. பெருகிய மக்களுக்கு உணவு கிடைத்ததால் மால்தஸின் முன்கணிப்புப் பொய்த்தது. ஆயினும் அதற்கான விலையின் ஒரு பகுதியை இக்கழிமுகம் செலுத்தியது.

நீர்க்கணக்கு

கழிமுகத்திற்கு வேண்டிய முதல் தேவை நன்னீர். கொசத்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் கட்டி முடிக்கப்பட்டது. நகரின் குடிநீர் நெருக்கடியைத் தீர்க்க மேயர் சத்தியமூர்த்தி எடுத்த முயற்சியின் பயன் அது. நகருக்கு அது நன்மை. முகத்துவாரத்திற்கோ வெள்ளக்காலம் தவிர நீர்வரத்து அருகியது.

அடுத்து நிலத்தடி நீர் எடுக்கப்பட்டது. 1960களின் இறுதி முதல் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளின் கிணற்றுத் தொகுதிகளிலிருந்து நகருக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் நீர் இறைக்கப்பட்டது, உழவர்களும் இறைத்தனர். நிலத்தடி நன்னீரின் அழுத்தம் குறையவே கடல்நீர் மண்ணுக்கடியில் உள்நாடு நோக்கிப் பல கிலோமீட்டர் ஊடுருவியது. மீஞ்சூர்ப் பகுதியின் கிணறுகள் உவர்ந்தன. இந்திய நிலத்தடி நீரியலில் கடல்நீர் ஊடுருவலுக்கு எடுத்துக்காட்டாகப் பெரிதும் பேசப்படும் இடமாக மீஞ்சூர் ஆயிற்று.

2010இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலை காட்டுப்பள்ளியில் நிறுவப்பட்டது. நன்னீரை எடுத்ததால் கடல்நீர் நிலத்துள் வந்தது. பின்னர் அதே வட்டாரக் கடல்நீரை மின்சாரம் செலவிட்டு நன்னீராக்க வேண்டியதாயிற்று. அவ்வாலை வெளியேற்றும் அடர் உப்புநீரும் இக்கடலிலேயே கலக்கிறது. ஒரு சமநிலைக் குலைவுக்குத் தீர்வாக அமைந்தது, அதே நிலத்தின்மீது மற்றொரு சுமையாயிற்று.

நிலக்கரியும் சாம்பலும்

இரண்டாம் தேவை ஆழம். 1970இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் படிப்படியாக 450 மெகாவாட் திறன் பெற்றது. கழியின் வடபுறத்தில் வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதற்கட்டம் 1994–96 காலத்தில் 630 மெகாவாட் திறனுடனும், இரண்டாம் கட்டம் பின்னர் 1,200 மெகாவாட் திறனுடனும் அமைந்தன. வல்லூர் அனல்மின் நிலையம் 2012–15 காலத்தில் 1,500 மெகாவாட் திறன் பெற்றது. இந்நிலையங்களுக்கு நிலக்கரி இறக்குவதை முதன்மை நோக்கமாகக் கொண்டு எண்ணூர்த் துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டது. பின்னர் அது காமராசர் துறைமுகம் எனப் பெயர் மாறியது. உப்பளங்களும் சதுப்பு நிலமும் கிடங்குகளாகவும் சரக்கு முற்றங்களாகவும் மாறின.

இந்திய நிலக்கரியில் சாம்பல் மிகுதி. எரித்தபின் எஞ்சும் சாம்பல் நீரிற் கலக்கப்பட்டுக் குழாய்கள் வழியே செப்பாக்கம் அருகிலுள்ள சாம்பற்குளத்திற்குச் செலுத்தப்படுகிறது. அக்குழாய்கள் கழியைக் கடந்து செல்வன. அவை உடைந்து கசிந்தபோதெல்லாம் சாம்பற்கூழ் கழியின் அடியில் படிந்தது. ஆளை மூழ்கடிக்கும் ஆழமிருந்த இடங்கள் முழங்காலளவாயின. ஆழம் குறைந்தால் ஓதத்தின்போது உட்புகும் நீரின் அளவு குறையும். அது குறைந்தால் முகத்துவாரத்து மணலைத் தள்ளும் விசையும் குறையும். இவ்வாறு சாம்பல் மூன்றாம் தேவையாகிய திறந்த வாயிலையும் பாதித்தது. குளிர்விப்புக்குப் பயன்பட்டு வெளியேறும் வெந்நீர் மீன்களின் இனப்பெருக்கச் சூழலை மாற்றியது. அண்மையில் காக்கா ஆழி என மீனவர் அழைக்கும் தென் அமெரிக்க மட்டியினம் கழியின் அடித்தளத்தைப் போர்வைபோல் மூடி, உள்நாட்டு மட்டியையும் இறால் வாழும் மண்ணையும் அழித்து வருகிறது. கப்பல்கள் நிலைப்புக்காக ஏற்றிவரும் நீர்வழியே அது வந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

2011இல் நடந்த இடமாற்றம் இவ்வரலாற்றின் இயல்பைத் தெளிவாகக் காட்டும். சென்னைத் துறைமுகத்தில் இறக்கப்பட்ட நிலக்கரி, இரும்புத்தாது ஆகியவற்றின் தூசு நகரவாசிகளைப் பாதித்ததால், அச்சரக்குகளை அங்குக் கையாளுவதைச் சென்னை உயர்நீதிமன்றம் தடை செய்தது. அவை எண்ணூருக்கு மாற்றப்பட்டன. இராயபுரத்தார் நீண்டகாலம் சுவாசித்த தூசிலிருந்து விடுபட்டது நியாயமே. ஆனால் தூசு குறையவில்லை, இடம் மாறியது.

எண்கள் காட்டும் உண்மை

இனி மக்கள்தொகையையும் சுமையையும் ஒப்பிடலாம். சென்னைப் பெருநகரப் பகுதியின் மக்கள்தொகை 1971இல் ஏறத்தாழ 35 இலட்சம். 2011இல் 86 இலட்சத்திற்கு மேல். நாற்பதாண்டில் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வளர்ச்சி இது. எண்ணூர்க் கழியைச் சூழ்ந்த நிலக்கரி மின்திறன் 1970களின் நடுவில் 450 மெகாவாட். 2017இல் பழைய எண்ணூர் நிலையம் மூடப்பட்ட பின்னும், வட சென்னை, வல்லூர் நிலையங்களின் கூட்டுத்திறன் 3,330 மெகாவாட். இது ஏழு மடங்கிற்கும் மேற்பட்ட பெருக்கம். மின்சாரம் சென்னைக்கு மட்டுமன்றி மாநிலம் முழுமைக்கும் செல்கிறது. வல்லூரின் மின்சாரத்தில் அண்டை மாநிலங்களுக்கும் பங்குண்டு. ஆகவே இவ்வொப்பீடு துல்லியமான விகிதத்தைத் தராது. ஆயினும் அதன் போக்குத் தெளிவு. சுமை வளர்ந்த வேகம் மக்கள் வளர்ந்த வேகத்தினும் மிகுதி. அச்சுமையின் பயனோ இந்நிலத்திற்கு அப்பால் பரந்து செல்கிறது.

பிறப்பு வீதமும் இதையே உறுதி செய்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தின் மொத்தக் கருவள வீதம் ஒரு பெண்ணுக்கு 1.8. தலைமுறை ஈடுசெய்யத் தேவையான 2.1ஐவிட இது குறைவு. 2005–06 ஆய்விலேயே தமிழகம் இந்நிலையை எட்டிவிட்டது. கழியின் மீதான பெருஞ்சுமைகளுள் இரண்டாம் கட்ட வட சென்னை நிலையமும் வல்லூர் நிலையமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் அதற்குப் பின்னரே வந்தன. பிறப்பு குறைந்த காலத்தில் சுமை கூடியிருக்கிறது. எனவே மக்கட்பெருக்கம் கட்டுப்பட்டால் சூழல் தானாகச் சீர்படும் என்னும் நம்பிக்கைக்கு எண்ணூர் இடந்தரவில்லை.

மக்கட்பெருக்கம் பொருட்டன்று என்பது இதன் கருத்தாகாது. 35 இலட்சம் பேர் 86 இலட்சம் ஆகும்போது குடிநீரும் மின்சாரமும் கூடுதலாகத் தேவைப்படும். பூண்டியும் மீஞ்சூரும் அத்தேவையின் விளைவுகளே. தேவையை மக்கள்தொகையும் நுகர்வும் நிர்ணயிக்கின்றன. அத்தேவையின் கேடு எங்கு விழவேண்டும் என்பதை மனிதரின் முடிவுகள் நிர்ணயிக்கின்றன. முன்னதைப் பற்றியே பேசிப் பின்னதை விட்டுவிடுவது எண்ணூர் போன்ற இடங்களின் வரலாற்றை அழிப்பதாகும்.

சட்டமும் வரைபடமும்

1991ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஓதம் பாயும் கழிகளுக்குப் பாதுகாப்பு வழங்கியது. 1996இல் ஒப்புதல் பெற்ற தமிழகக் கடற்கரை வரைபடத்தில் எண்ணூர்க் கழி அத்தகைய பாதுகாப்புக்குரிய பகுதியாகக் காட்டப்பட்டிருந்தது. பின்னர் அலுவலக வழக்கில் இருந்த வேறொரு வரைபடத்தில் அப்பகுதியின் பெரும்பரப்புக் காணப்படவில்லை என்பதை மீனவரும் சூழல் ஆர்வலரும் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் துணையால் வெளிக்கொணர்ந்தனர். நிலத்தில் ஓடும் நீர் தாளில் இல்லாமற்போனால், அதன்மீது கட்டடம் எழுப்பத் தடையுமில்லை.

2017 சனவரி 28இல் காமராசர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. எர்ணாவூர்க் கரையில் வாளிகளைக் கொண்டு அதை அள்ள நேர்ந்தது. 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சாம்பல் மாசுக்கு மின்வாரியத்தைப் பொறுப்பாக்கிக் கழியைச் சீரமைக்குமாறு பணித்தது. காட்டுக்குப்பத்து மீனவர் தொடுத்த வழக்கில் வந்த தீர்ப்பு அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழியில் பரவியது. படகுகளும் வலைகளும் அலையாத்திகளும் கருமை பூசின. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்ததால் மக்கள் வீடுகளை விட்டு ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஒரே மாதத்தில் நேர்ந்த இவ்விரு நிகழ்வுகளும், சுமைகள் தனித்தனியே அளவிடப்பட்டாலும் ஒன்றாகவே விழுகின்றன என்பதை உணர்த்தின. ஒவ்வோர் ஆலைக்கும் தனித்தனி அனுமதி வழங்கும் முறையில், கழி மொத்தமாக எவ்வளவு தாங்கும் என்னும் வினா எழுவதற்கே இடமில்லை.

மீட்சிக்கான சான்றுகள்

சீர்கேடு மீளாதது என்று முடிவு கட்டவும் வரலாறு இடந்தரவில்லை. கொடுங்கையூரில் நகரின் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நீரை மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளுக்கு வழங்கும் நிலையம் 2019 முதல் செயல்படுகிறது. ஒருகாலத்தில் மீஞ்சூர் மண்ணிலிருந்து இறைக்கப்பட்ட நீருக்கு மாற்றாக, நகரின் கழிவுநீரே பயன்படும் வழி இது. மக்கள் மிகுந்தால் கழிவுநீரும் மிகும். தக்க ஏற்பாடு இருப்பின் அதுவே வளமாகும் என்பதற்கு இது சான்று.

இலண்டனின் தேம்ஸ் ஆறு 1957இல் உயிரற்றது எனக் கூறப்பட்டது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு மேம்பட்டபின் 1974இல் அதில் சால்மன் மீன் மீண்டும் காணப்பட்டது. இன்று இலண்டனின் மக்கள்தொகை 1950களைவிடக் குறைந்ததன்று. ஆகவே பெருநகரும் உயிருள்ள ஆறும் ஒருங்கே இருத்தல் இயலும். எனினும் அதே காலத்தில் இலண்டனின் பழைய துறைகள் மூடப்பட்டன. பல தொழில்கள் பிற நாடுகளுக்குப் பெயர்ந்தன. ஆற்றின் மீட்சியில் ஒரு பகுதி உண்மையான சீர்திருத்தம். மற்றொரு பகுதி சுமையின் இடப்பெயர்ச்சி. மெரினாவுக்கும் இராயபுரத்திற்கும் உள்ள தொடர்பு உலக அளவிலும் இயங்குவதை இதனால் அறியலாம். சுமையைத் தள்ளிவிட இடமுள்ளவரை ஒரு நகரம் தூய்மையாக இருக்க முடியும். புவி முழுமைக்கும் அத்தகைய வேறிடம் இல்லை.

முடிவுரை

மக்கட்பெருக்கத்தின் அழுத்தத்தில் சூழல் அமைப்புகள் சமநிலையில் நீடிக்குமா என்னும் வினாவிற்கு எண்ணூர் வரலாறு தரும் விடை பின்வருமாறு அமைகிறது.

எண்ணூர்க் கழியின் சமநிலையைக் குலைத்தது அதன் கரையில் வாழ்ந்தோரின் பெருக்கம் அன்று. நன்னீர் வரத்து, ஆழம், திறந்த முகத்துவாரம் ஆகிய மூன்றையும் குறைத்தவை வெளியிலிருந்து வந்த தேவைகள். அத்தேவைகளுள் மக்கட்பெருக்கத்திற்குப் பங்குண்டு. ஆனால் சுமை வளர்ந்த வேகத்தை அது மட்டும் விளக்காது. பயன் பெறுவோரும் கேடு தாங்குவோரும் ஒருவராக இருந்தபோது பாடு போன்ற அளவறிந்த ஒழுங்குகள் தோன்றின. இருவரும் வேறானபோது அளவும் மறைந்தது. ஆகவே சமநிலையைக் காப்பதற்கு மக்களை எண்ணுவது போதாது. ஒவ்வொரு நுகர்வின் எச்சமும் எங்குச் செல்கிறது என்பதையும் எண்ணவேண்டும். கழி முழுவதையும் ஓரலகாகக் கொண்டு அதன் தாங்குதிறனை வரையறுத்து, புதிய அனுமதிகளை அதற்கு உட்படுத்துவதும், அவ்வரையறையில் கழியை நம்பி வாழ்வோருக்கு முடிவெடுக்கும் இடம் அளிப்பதும் இதிலிருந்து பெறப்படும் நடைமுறைத் தேவைகள்.

பாலைக்கெனத் தனிநிலம் இல்லை. வறட்சி மிகும்போது முல்லையும் குறிஞ்சியுமே பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். நெய்தலும் திரியக்கூடும் என்பதை எண்ணூர் காட்டியுள்ளது. கோடையின் வெம்மையால் திரிந்த நிலம் மழை வந்தால் தன்னியல்பை அடையும். சாம்பலால் திரிந்த நிலத்திற்கு மழை மட்டும் போதாது. சாம்பலை அள்ளவேண்டும், மேலும் கொட்டாதிருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பு கோருவது இதுவே. அது எவ்வளவு நிறைவேறுகிறது என்பதைப் பொறுத்தே, காட்டுக்குப்பத்தின் அடுத்த தலைமுறை கழியில் வலை இடுமா, அன்றிக் கழியை வரைபடத்தில் மட்டும் தேடுமா என்பது அமையும்.